குற்றத்துக்கு முன்னே கட்டிய அபராதம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காருங்கள், அங்கே காற்று அடிக்கும். பல்சூலுவின் கதையைச் சொல்கிறேன். என் ஓரகத்தி அவள், என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. கேட்டு முடிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லையென்றால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யாவின் ஜார் மன்னன் நம் நிலத்தை ஆண்ட காலம். கோடையில் மந்தையை ஓட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குப் போவோம். பனி விழுமுன் கராசு ஓடைக்கரையில் இருந்த எங்கள் மண்வீடுகளுக்குத் திரும்பிவிடுவோம். நம் கசாக் ஜனங்கள் என்றைக்கும் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

ஒரு வசந்தத்தில் கவ்ரீலின் என்ற நில அளவை அதிகாரி வந்தான். கூடவே மொழிபெயர்ப்பாளன் ஈசாபெக். ஈசாபெக் நம் ஆள்தான், வேறு குலம். பல்சூலுவின் கணவர் தோசன் கொழுத்த கடாவை அறுத்து, அதன் தலையை முறைப்படி விருந்தாளிக்கு முன்னால் வைத்தார். கவ்ரீலின் தேநீரை உறிஞ்சிவிட்டு, "இப்படி இனிக்கிறதே, எந்தத் தண்ணீர்?" என்று கேட்டான். அவ்வளவுதான், தோசனுக்குத் தலைகால் புரியவில்லை. குதிரையேறி அவனைக் கூட்டிப்போய் ஊற்றைக் காட்டினார், புயல் நுழையாத பள்ளத்தைக் காட்டினார், பனிக்கடியிலும் புல் இருக்கும் சரிவைக் காட்டினார். நம் வீட்டு உப்பைத் தின்றவன் ஒன்றைக் கேட்டால் ஒளிக்கவும் பொய் சொல்லவும் நமக்கு வராதே!

இலையுதிர் காலத்தில் மலையிறங்கி வந்தோம். எங்கள் வீட்டுக் கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய குடியேறிகள். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். கோடை முழுக்க வீடு காலியாகக் கிடந்ததால் அது 'உபரி நிலம்' என்றார்கள். உபரி! மாமனார் கையால் வைத்த சுவர் உபரி. அவர் கிடந்த கல்லறையும் உபரி.

அந்தக் குளிர்காலத்தை உப்பு ஏரிக் கரையில் கம்பளிக் கூடாரத்தில் கழித்தோம். ஆடுகள் நின்ற நிலையிலேயே விறைத்தன. தோசன் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மண் இறுகிக் கிடந்ததால் தீ மூட்டி இளக்கித்தான் குழி வெட்டினோம். பல்சூலு அழவில்லை. தீயில் வறட்டியைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்களுக்கு மிஞ்சியது அந்த உப்புக் காட்டில் ஒரே ஒரு நல்லதண்ணீர்க் கிணறு. அதுவும் போனால் சாவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த வசந்தத்தில் செய்தி வந்தது: அதே கவ்ரீலின் மறுபடியும் உபரி தேடி வருகிறான்.

"அண்ணி, வாசலுக்கு வந்தவன நிக்க வச்சு அனுப்பினா ஊரே காறித் துப்பும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"துப்பட்டும், தொடச்சுக்கலாம். அவன் உள்ள வந்தா டீ குடுக்கணும். டீ குடிச்சா தண்ணி எங்கேன்னு கேப்பான். உப்பத் தின்னவன்கிட்ட நீ பொய் சொல்லுவியா?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லமாட்டே. உங்க அண்ணனும் சொல்லல. அதனாலதான் மண்ணுக்குள்ள கெடக்காரு."

விருந்தாளிக்குச் சோறு மறுத்தால் நம் வழக்கப்படி ஒரு குதிரையும் ஒரு மேலங்கியும் அபராதம். விரட்டப்பட்டவன் கைக்கு அது போகும். பல்சூலு தோசனுடைய செங்குதிரைக்குச் சேணம் பூட்டினாள். தோசனுடைய வெல்வெட் மேலங்கியை மடித்து அதன்மேல் வைத்தாள். வழக்குத் தீர்க்கும் தோலெபாய் பெரியவரிடம் நானும் அவளோடு போனேன்.

"என்னம்மா தப்பு பண்ணினே?" என்றார் அவர்.

"இன்னும் பண்ணல மாமா. நாளைக்குப் பண்ணப்போறேன். இப்பவே வாங்கி வச்சுக்குங்க."

"தப்புக்கு முன்னாடி அபராதமா? நம்ம வழக்கத்துல அப்படி ஏதும்மா?"

"தின்னுட்டு வீட்டப் பிடுங்குற விருந்தாளி மட்டும் நம்ம வழக்கத்துல உண்டா?"

பெரியவர் எழுந்து, தாமே கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையைக் கட்டினார்.

திரும்பி வந்ததும் கிணற்றின்மேல் கழிகளைப் பரப்பினோம். அதன்மேல் பழைய கம்பளி, அதன்மேல் எங்களிடமிருந்த வறட்டி அத்தனையும். மழையில் நனைந்த வறட்டி. நாற்றம் வானத்தைத் தொட்டது.

கவ்ரீலின் வந்தான். எல்லாக் கூடாரத்தின் கதவும் மூடியிருந்தது. பல்சூலு மட்டும் வெளியே நின்றாள்.

"அண்ணி, சலாம்!" என்று இளித்தான் ஈசாபெக். "துரைக்குத் தாகமா இருக்கு. போன வருஷம் குடிச்ச டீய இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காரு."

"டீ இல்ல."

"மோராவது?"

"அதுவும் இல்ல. உனக்கும் இல்ல, உன் துரைக்கும் இல்ல, அவரு குதிரைக்கும் இல்ல."

ஈசாபெக்கின் முகம் கறுத்தது. "அப்போ நீங்கள்லாம் என்னத்தக் குடிச்சு உயிரோட இருக்கீங்க?"

"உன் துரை விட்டு வச்சதை" என்று ஏரியைக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கன்றுக்குட்டி வறட்டிக் குவியலைச் சுற்றிவந்து கத்த ஆரம்பித்தது. தாகம் அதற்கு. அடியில் தண்ணீர் இருப்பது அதற்குத் தெரியும். பல்சூலு குச்சியை எடுத்து அந்தக் கன்றை அடித்துத் துரத்தினாள். வாழ்க்கையில் ஒரு பிராணியை அடித்தறியாதவள்.

கவ்ரீலின் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஏரித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். ரஷ்ய மொழியில் என்னவோ கத்தினான்.

"உபசாரம் தெரியாத காட்டுமிராண்டிக் கூட்டமாம் நீங்க" என்றான் ஈசாபெக். "உங்க வழக்கப்படியே அபராதம் கேக்குறாரு. குதிரையும் மேலங்கியும்."

வீட்டைப் பிடுங்கும்போது நம் வழக்கம் அவனுக்குத் தெரியவில்லை. அபராதம் வாங்கும்போது மட்டும் தெரிந்தது.

"தோலெபாய் வீட்ல கட்டியிருக்கு. போய் அவுத்துக்கச் சொல்லு" என்றாள் பல்சூலு.

வெறுமனே போகவில்லை கவ்ரீலின், பாவி. மறுநாள் திரும்பும் வழியில் எங்கள் கண்ணெதிரே போனான். தோசனுடைய குதிரைமேல், தோசனுடைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, வேடிக்கைப் பொருள் கிடைத்த குழந்தைபோலச் சிரித்துக்கொண்டு போனான். குதிரை எங்களைப் பார்த்துத் தலையைத் திருப்பிக் கனைத்தது. அவன் அதன் வாயைக் கடிவாளத்தால் இழுத்தான்.

அப்போதுதான் பல்சூலு கீழே உட்கார்ந்தாள். கணவரைப் புதைத்த அன்று வராத அழுகை அன்று வந்தது. அழுகையா அது? மண்ணை இரண்டு கையாலும் அறைந்தாள். "உள்ள கூப்பிட்டோமே, உள்ள கூப்பிட்டோமே" என்று அறைந்தாள்.

அந்த உப்புக் காடு உதவாது என்று அவன் விட்டுவிட்டான். கிணறு பிழைத்தது, அதைக் குடித்து நாங்களும் பிழைத்தோம். ஆனால் புல்வெளி முழுக்க எங்களுக்கு 'விருந்தாளிய விரட்டினவங்க' என்று பெயர். எங்கள் பையன்களுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். பல்சூலு சாகும்வரை வழிப்போக்கர்கள் எங்கள் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவளோ தினமும் ஒரு கிண்ணம் கூடுதலாகத் தேநீர் ஊற்றி வைப்பாள். ஆறியதும் எடுத்துக் கொட்டுவாள். நிலத்தைத் தின்றார்கள் சரி. நம் கதவை நாமே சாத்தும்படி வைத்தார்களே, அதற்கு எந்த அபராதம் போதும்?

போதும், எழுந்திருங்கள். உங்கள் வீட்டுக் கிணறு வற்றாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவன் மனிதனாக வரட்டும். யாருக்கும் கதவைச் சாத்த வேண்டிய நாளை அல்லா உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டாமல் இருக்கட்டும்.