ஜிப்ரியின் முப்பத்தாறு

சில்வெஸ்டர் மாஸ்டரின் இடுப்பு முப்பத்தாறு அங்குலம். ஓய்வுபெற்ற அன்றும் முப்பத்தாறு. பத்து வருடமாக மலை மலையாகப் புட்டும் குளம் குளமாக வட்டிலப்பமும் உள்ளே போன பிறகும் அதே முப்பத்தாறு.

கிளினிக்கில் தாதி நாடாவைச் சுற்றினாள். "நாப்பத்தி நாலு, சேர்."

பிறகு பாதத்தில் நைலோன் நூலால் பத்து இடம் தொட்டாள். மாஸ்டருக்கு நாலுதான் தெரிந்தது.

"சீனி வருத்தக்காரருக்கு வயித்துக் கொழுப்புக் கூடினா கால் நரம்பும் கெடப் பாக்கும். இப்போதைக்கு மோட்டார் சைக்கிள் வேணாம். பிரேக் மிதிச்சதே தெரியாமப் போயிரும்."

அவ்வளவுதான். மனைவி றோஸ்மேரி மோட்டார் சைக்கிள் திறப்பைக் கைப்பைக்குள் போட்டாள். பின்னேரம் அதில் போய்ப் பாலத்தில் வாவிக் காற்றுக் குடிக்காவிட்டால் மாஸ்டருக்கு உயிரே இல்லை.

"அந்த நாடா பொய். ஜிப்ரி அளக்கட்டும், பிறகு திறப்பைத் தா" என்று அவளையும் இழுத்துக்கொண்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினார். இருபது வருடமாக அவருடைய களிசான் அத்தனையும் தைத்த தையல்காரன் ஜிப்ரி.

ஜிப்ரி கொப்பியைத் திறந்தான். "முப்பத்தாறு."

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். வயிறுதான் முன்னால் வந்தது.

"கொப்பி கிடக்கட்டும் தம்பி. நாடாவைப் போடுங்க" என்றாள் றோஸ்மேரி.

ஜிப்ரி மின்விசிறியைப் பார்த்தான். கலண்டரைப் பார்த்தான். "மாஸ்டர் கோவிக்கப்படாது. கொப்பியில முப்பத்தாறு. துணியில வருசா வருசம் கொஞ்சம் கூட விட்டுத்தான் வெட்டுறன். என்ட வாப்பாவும் அப்பிடித்தான். வாடிக்கைக்காரர்ட மனசு நோகப்படாதில்லயா?"

"எனக்கு மட்டுமா?"

"ஒரு கொந்தராத்துக்காரர் இருக்கார். கொப்பியில முப்பத்திரண்டு. இந்த வாசலால சரிஞ்சுதான் உள்ள வருவார்."

றோஸ்மேரி சிரிப்புத் தாங்காமல் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் கோபப்படத்தான் பார்த்தார். அதற்குள் வயிறு குலுங்கத் தொடங்கிவிட்டது. தையல் மெசினே ஆடியது.

"ஜிப்ரி, டிசம்பர்ல நத்தார் பூசைக்கு ஒரு களிசான் வெட்டு. நாப்பது. ஒரு நூல் கூட விட்டாயோ, உன்ட கடைப்பக்கம் வரமாட்டன்."

"பொத்தான் பூட்டுப்படாட்டி?"

"இவள்ட சீலையைச் சுத்திக்கிட்டுப் போறன்."

ஜிப்ரி நாடாவைப் போட்டு அளந்து, கொப்பியில் முப்பத்தாறை வெட்டிவிட்டு, உண்மையான நாற்பத்து நாலை எழுதினான்.

திரும்பும்போது மாஸ்டர் மட்டக்களப்பு ரவுணிலேயே இறங்கினார். "பாலத்தால நடப்பம்."

"கிளினிக் மிஸ் ஓமெண்டாத்தான் திறப்பு. நடந்தா இல்ல" என்றாள் றோஸ்மேரி.

"ஓம், ஓம்."

பாலத்தின் நடுவில், அவருடைய சப்பாத்துக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டு அவரை நிறுத்தி, அதைக் கழற்றி உதறினாள். புளியங்கொட்டை அளவு கல் ஒன்று விழுந்தது.

"இது தெரியல்லயா?"

"தெரியல்ல." மாஸ்டர் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலையும் நீட்டினார். "இதையும் பார். பிறகு கெதியா நடப்பம், நாலு அங்குலம் கரைக்க வேணும்."