சினா போட்ட கொளுக்கி

தம்பி டெனிஸ்ரன் நியூசிலாந்தில் ஒரு சமோவாக்காரியைக் கல்யாணம் முடித்தபோது ஊரே கதைத்தது. நான் ஒரு சொல் சொல்லவில்லை. லோசா கோயிலுக்குப் போகிற பிள்ளை, பெரியவர்களை மதிக்கத் தெரிந்தவள், அது போதும். எனக்குக் கோபம் வந்தது இந்த வருஷம்தான், அவர்கள் இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் கரம்பொன்னுக்கு வந்து இறங்கிய அன்று.

லோசா குளிக்கப் போன நேரம் பார்த்துத் தம்பி குசினிக்குள் வந்தான்.

"அக்கா, நாளைக்குச் சேமக்காலையிலை ஒரு கல்லறையைக் காட்டிவிடுங்கோ."

"ஆரின்ரை கல்லறையை?"

"ஆரின்ரையெண்டாலும் பரவாயில்லை. அப்பாவின்ரை எண்டு சொல்லுவம்."

கையிலிருந்த அகப்பையால் அவனுக்கு ஒன்று போட்டிருக்க வேண்டும். எங்கள் அப்பா பஸ்ரியாம்பிள்ளை சண்டைக் காலத்தில் கடலுக்குப் போனவர். வள்ளம் வெறுமையாகக் கரை ஒதுங்கியது. அவரும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. சுவாமியார் எத்தனையோ தரம் கேட்டும், அவருக்காகச் செத்தவர் பூசை வைக்க நான் விடவில்லை. செத்ததை யார் கண்டது? இன்றைக்கும் எங்கள் வாசல் படலைக்கு நான் கொளுக்கி போடுவதில்லை, அவர் வந்தால் தள்ளிக்கொண்டு உள்ளே வரட்டும் என்று. ஆடு வந்து செவ்வரத்தையைத் தின்றுவிட்டுப் போகும். போகட்டும்.

"லோசாவுக்கு உண்மையைச் சொன்னால் உன்ரை வாய் வெந்துபோமோ?"

"செத்திட்டார் எண்டு முதல்லையே சொல்லிப்போட்டன் அக்கா. இனி மாத்த ஏலாது. பிள்ளையள் கல்லும் கொண்டு வந்திருக்குதுகள்."

லோசாவின் ஊரில் செத்தவர்களை வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்வார்களாம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவார்கள். அம்மப்பாவின் கல்லறையில் ஏறியிருந்து இரண்டும் மாம்பழம் தின்னுகிற வீடியோவைத் தம்பி ஒருமுறை அனுப்பினான். இறக்கடா அதுகளை என்று ஏசினேன். அங்கே அதுதான் பாசமாம். இப்போது அந்தக் கல்லறையிலிருந்து இரண்டு வெள்ளைக் கற்களை, அப்பப்பாவின் தலைமாட்டில் வைக்கவென்று, மூத்தவள் சினா காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள்.

எதையும் காட்டுவதில்லை என்ற முடிவோடுதான் மறுநாள் சேமக்காலைக்குப் போனேன்.

சினா என் கையைப் பிடித்தாள். தகப்பன் பழக்கிய தமிழில் கேட்டாள்: "மாமி, எங்கட அப்பப்பா எங்கை?"

தம்பி நிலத்தைப் பார்த்தான். லோசா செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றாள். என்னத்தைச் சொல்வது? தெரியாது பிள்ளை என்றா? அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். கை மட்டும் எழும்பியது. மூலையில், பெயர் அழிந்துபோன ஒரு சிலுவை.

"அந்தா, அது."

பிள்ளைகள் ஓடினார்கள். கற்களை வைத்தார்கள். பிறகு இரண்டுபேரும் ஏறி, சீமெந்தில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். சின்னவள் லூபே தாயின் பாஷையில் கல்லோடு ஏதோ குசுகுசுத்தாள். அப்பாவின் முகத்தையே அறியாத லோசா பக்கத்தில் இருந்து அழுதாள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. யாருடைய பிணமோ.

"மாமி, நீங்களும் வாங்கோ."

போய்க் கல்லறைமேல் இருந்தேன். சீமெந்து சுட்டது. ஆராயிருந்தாலும் மன்னித்துக்கொள்ளும் என்று உள்ளே கிடந்தவரிடம் மனதுக்குள் கேட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். கடைசியாக உள்ளே வந்த சினா திரும்பி, படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.

"ஆடு வரும் மாமி," என்றாள். "எல்லாரும் வந்திட்டம்தானே."

தம்பி அப்படியே நின்று என்னைப் பார்த்தான். கழற்று என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏன் என்று பிள்ளை கேட்டால்? அப்பாவை மண்ணுக்குள் காட்டிய அதே கையால் எப்படிப் போய் அதைக் கழற்றுவேன்?

"ஓம் பிள்ளை," என்றேன். "எல்லாரும் வந்திட்டம்."