ஒரு காப்பி கூடுதலாக

பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடோ காதல் கடிதமோ, எதுவானாலும் என் மெஷினைத் தாண்டித்தான் போகவேண்டும். தொற்று வந்து பல்கலைக்கழகத்தை மூடியதும் தெரு துடைத்துவிட்டாற்போல் ஆனது. விடுதிப் பிள்ளைகள் பெட்டியும் வாளியுமாக ஒரே நாளில் கிளம்பிப் போனார்கள். பைண்டிங்குக்குக் கொடுத்த ஆய்வேடுகளை வாங்கக்கூட யாரும் வரவில்லை. நானும் ஷட்டரை இறக்கிக் கடையை மூடினேன். வியாபாரம் இல்லாதவன் ஈ ஓட்டுகிறான் என்பார்கள். நான் நிஜமாகவே ஈக்களோடு மல்லுக்கட்டினேன். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் மனைவி.

அவள் அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. கனிந்த பழத்தைச் சுற்றுமே, அந்தப் பொடி ஈயின் தூக்கத்தைப் பற்றி ஆராய்கிறாள். விடியுமுன் எழுந்துகொள்கிற ஈக்களை மட்டும் பொறுக்கி, அவற்றின் பிள்ளைகளில் மறுபடி பொறுக்கி, நான்கு வருடமாக ஒரு குடும்பத்தையே வளர்த்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண ஈக்கள் தனியாக உண்டு. கட்டின புருஷனை எட்டு மணிக்கு எழுப்ப முடியாதவள் ஈயை எழுப்பக் கிளம்பிவிட்டாள் என்று கடையில் சொல்லிச் சிரிப்பேன்.

ஆய்வகத்தைக் காலி செய்ய அரைநாள்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு வகையிலும் சில கண்ணாடிக் குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தாள். மீதி அங்கேயே இருந்தன. பிறகு ஒருநாள் ஆய்வகத்தில் மின்சாரம் போய், உள்ளே போய்ப் பார்க்க ஆளில்லாமல் எல்லாம் செத்துப்போயின. அவளுடைய பேராசிரியை போனில் அழாத குறையாகப் பேசினார். அந்தக் குடும்பம் இனி உன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் போனால் ஆய்வேடு இல்லை என்றார்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறை ஈக்களுடையதானது. சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு, ஆறினால் இறுகுவதற்குக் கடற்பாசித் தூளும் சேர்த்து அவற்றுக்குக் கஞ்சி காய்ச்சுவாள். அதே மேசையில் போனைச் சாய்த்து வைத்து முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள். ஒரு சாதாரண ஈ தப்பித்து அவள் மூக்கில் உட்கார்ந்தபோது, இன்றைக்குச் செய்முறை வகுப்பும் உண்டா மேடம் என்று ஒருத்தி கேட்டாளாம். பாதிப் பேர் முகம் காட்டமாட்டார்கள். அந்தக் கறுப்புக் கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்பை முடிப்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவளைப் புதிதாகக் கல்யாணம் செய்துகொண்டதுபோல் இருக்கும்.

பிறகு அவளுக்கே காய்ச்சல் வந்தது. ஈஸ்ட் வாசனைகூடத் தெரியவில்லை என்றாள். அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருந்து வேண்டுமா என்று கேட்டால் ஈக்கு உணவு மாற்றினீர்களா என்று பதில் வரும். கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே வேலையைக் கற்றுக்கொடுத்தாள். குழாயை மேசையில் தட்டினால் ஈக்கள் அடியில் விழும். அவை சுதாரிப்பதற்குள் குழாயின் வாயை அடைத்திருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, புதுக் குழாயை மேலே கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பித் தட்டவேண்டும். கஞ்சிக்கான சாமான் குறைவு, இரண்டு வகையும் கலந்தால் எல்லாம் வீண், அதனால் கூடுதல் குழாய்களில் பிரித்து வைக்கும் வேலையே வேண்டாம் என்று கண்டித்துச் சொன்னாள். சரி என்றேன்.

ஆனால் என் கை கேட்கவில்லை. கடை திறந்த நாளிலிருந்து கேட்ட கணக்குக்கு மட்டும் நான் காப்பி போட்டதே இல்லை. ஒன்று கூடுதலாகப் போட்டு வைப்பேன். பிள்ளைகள் எப்படியும் ஒரு பக்கத்தைத் தொலைத்துவிட்டு ஓடி வருவார்கள். காகிதத்துக்குப் பிடித்த கேடு என்று இவள் தலையில் அடித்துக்கொள்வாள். இப்போதும் கஞ்சியைக் கொஞ்சம் மெல்லிசாக ஊற்றி மிச்சம் பிடித்து, இரண்டு வகையிலும் ஒவ்வொரு குழாய் கூடுதலாகப் போட்டேன். பில் தாளில் ‘சீக்கிரம்’, ‘சாதா’ என்று எழுதி ஒட்டினேன். வீட்டுக்குள்ளிருந்தே கடைக்கு இறங்கும் படி உண்டு. ஷட்டருக்கு மேலே வெளிச்சம் விழும் அலமாரியில் கொண்டுபோய் வைத்து, வேளாவேளைக்கு உணவும் மாற்றி வந்தேன்.

அவளுக்கு உடம்பு தேறி, தனிமை முடிகிற அன்று, கிருமிநாசினி அடிப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். ஈப் பெட்டியைத் தூக்கிக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். வந்தவர்களில் ஒருவர் நேராகக் குளியலறைக்குத்தான் போனார். நான் வாய் திறப்பதற்குள் தாராளமாக அடித்துவிட்டார்.

அவள் அறையைவிட்டு வெளியே வந்ததும் முதலில் தேடியது பெட்டியைத்தான். குழாய்களில் பஞ்சு நனைந்து மருந்து உள்ளே இறங்கியிருந்தது. ஈக்கள் அடியில் மிளகுத்தூள்போல் கிடந்தன. ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

“நாலு வருஷம்ங்க” என்றாள்.

“கீழே ஒரு காப்பி இருக்கு.”

“என்ன காப்பி?”

“ஈ.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பாதி உயிர் வந்தது, பாதி உயிர் போனது. படியில் அவசரமாக இறங்கினாள், மூச்சு வாங்கியது. குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மருந்து அடித்தவர்கள் மூடிக் கிடந்த கடைக்கு இறங்கவே இல்லை; குழாய்களுக்குள் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஆனால் அவள் முகம் தெளியவில்லை.

“நீங்க தட்டும்போது ஒரு சாதா ஈ இதுக்குள்ள போயிருந்தாக்கூட போச்சு. கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். நான் எப்படி நம்புறது?”

கை சுத்தமாகத்தான் வேலை செய்தது என்று சத்தியம் செய்யலாம். ஆய்வேட்டில் புருஷனின் சத்தியத்தை எழுத முடியாதே.

மறுநாள் விடியுமுன் என்னை உலுக்கி எழுப்பினாள், முதல் தடவையாக நானும் எழுந்தேன். ஈக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாதாம். பைண்டிங்குக்கு வைத்திருந்த சிவப்புப் பிளாஸ்டிக் தாளை டார்ச்சில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். இரண்டு குழாய்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடை ஸ்டூல்களில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஷட்டர் இடுக்கில் இன்னும் இருட்டுதான்.

‘சாதா’ குழாயில் அசைவே இல்லை, என் சாதிக்காரர்கள். ‘சீக்கிரம்’ குழாயில் ஒரு ஈ காலைத் தேய்த்தது. இன்னொன்று கண்ணாடியில் ஏறத் தொடங்கியது. பிறகு மூன்று, ஐந்து, பத்து. வெளியே வெளுப்பதற்குள் குழாய் முழுக்க நடமாட்டம். பக்கத்துக் குழாய் அப்போதும் குறட்டைதான்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவங்கதான்” என்றாள். அப்போதுதான் அழுதாள். சொன்ன பேச்சைக் கேட்காததற்கு இனி அர்ச்சனை தொடங்கும் என்று நானும் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாயை என்னிடம் நீட்டினாள்.

“கலக்காம, இன்னும் ஒரு செட் கூடுதலா போட்டு வைங்க.”

கடையை மூடியபிறகு வந்த முதல் ஆர்டர் அது.