நான்கு வரி அதிகம்

என் அண்ணனுக்கு ஊரெல்லாம் 'நிம்மதி சார்' என்று பெயர். ஒரு வார இதழில் ஏழு வருடமாக நல்வாழ்வுப் பக்கம் எழுதுகிறான். கோபத்தை எப்படி அடக்குவது, பெற்றவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது, மனசாட்சி உறுத்தாமல் எப்படித் தூங்குவது என்று வாரம் ஒரு பாடம். கடைசி விஷயத்தில் அவன் உண்மையிலேயே கைதேர்ந்தவன். அதே இதழில் மெய்ப்புத் திருத்துகிறவள் நான். அவன் விட்டுவிடும் புள்ளியையும் துணைக்காலையும் நான் போடுவேன். "வீட்லயே ஒரு மகான். குடுத்து வச்சவங்க நீங்க" என்பார் பக்கம் கட்டுகிறவர். பல்லைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன்.

மூளையில் ரத்தம் கசிந்து விழுந்த அப்பா ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. ஒன்பது நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தேன். அண்ணன் இருக்கும் ஊர் ரயிலில் ஐந்து மணி நேரம். தினமும் சாயங்காலம் போனில் கேட்பான், நான் சொல்வேன். அப்பாவின் விரல்கள் ஜில்லிட்டுக் கிடப்பதை, வளர்ந்த நகத்தை நானே வெட்டிவிட்டதை, காதருகே குனிந்து பழைய கதையெல்லாம் பேசுவதை. "நாளைக்குக் கிளம்பிடறேன்" என்று முடிப்பான். நாளைக்கு ஏதாவது கூட்டம் வந்துவிடும். ஒரு நாள் 'உறவுகளுக்கு நேரம் ஒதுக்குவோம்' என்று ஒரு கம்பெனியில் பேசப் போய்விட்டான். கேட்டுச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை எனக்கு.

பத்தாவது நாள் அப்பா கண் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"அண்ணன் வந்தானா?"

"தினமும் விசாரிக்கிறான்ப்பா" என்றேன்.

வீடு திரும்பிய பிறகும் தினமும் அதே கேள்வி, அதே பதில். கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். மகன் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டினால் போதும், மனுஷன் தேறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அண்ணனிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

அவன் வரவில்லை. மூன்றாவது வாரம் அவன் கட்டுரை திருத்தத்துக்கு என் மேஜைக்கு வந்தது. 'அப்பாவின் கையைப் பிடித்திருந்த ஒன்பது நாட்கள்.' ஜில்லிட்ட விரல்கள் இருந்தன. நகம் வெட்டியது இருந்தது. காதருகே பேசியது இருந்தது. எல்லாவற்றையும் செய்தவன் அவன். போனைப் போட்டேன்.

"நீ வரவே இல்லையே அண்ணா."

"மனசால அங்கதான் இருந்தேன். உனக்கு அது புரியாது."

"நகத்தையும் மனசாலதான் வெட்டினியா?"

"ஏன் இப்படிப் பேசற? இதைப் படிச்சிட்டு நாலு பேர் அவங்கவங்க அப்பாவைப் போய்ப் பார்ப்பாங்க. அது நல்லதா கெட்டதா, நீயே சொல்லு."

நான் வைத்துவிட்டேன். பக்கத்தின் அடியில் விளம்பரம் இருந்ததால் கட்டுரை நான்கு வரி கூடுதலாக நின்றது. கூடுதல் வரியை வெட்டலாம், விஷயத்தில் கைவைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் மேஜையின் சட்டம். எதை வெட்டலாம் என்று தேடும்போதுதான் அதைப் பார்த்தேன். 'என் தங்கையும் அவ்வப்போது வந்து உடனிருந்தாள். அவளுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.' ஒடுக்கமான பத்தியில் அளவெடுத்தாற்போல் நான்கு வரி. அவ்வப்போதாம்! தன் பொய்க்குள் எனக்கும் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தான். யாருக்கு வேண்டும் அந்த ஸ்டூல்? சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்தேன். மீதியில் இருந்த பிழைகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தேன்.

அந்த வார இதழை நான் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கீழ்வீட்டு அம்மா நிம்மதி சாரின் தீவிர வாசகி என்பது எனக்கு மறந்துபோயிற்று. அலுவலகம் விட்டு வந்தபோது அப்பா ஜன்னலோரம் பூதக்கண்ணாடியும் இதழுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பிட்டு முடித்த தட்டு, துடைத்தாற்போல் இருந்தது.

"அவன் வந்திருந்தான்னு நீ சொல்லவே இல்லையேமா" என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. "ஒன்பது நாளும் புள்ளை என் கையை விடல. எனக்குத்தான் ஒண்ணுமே தெரியல, பாவி."

அவன் வரவே இல்லை. மூன்றே சொல், நாக்கு நுனியில் நின்றது. அப்பா தன் விரல்களை விரித்து நகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. என்னால் முடியவில்லை.

"உன்னைப் பத்தித்தான் ஒரு வரிகூட இல்ல" என்றார் குரலைத் தாழ்த்தி. "ரெண்டு தடவை தேடிப் பார்த்துட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

"பரவாயில்லமா. நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. நான் கண் முழிக்கறதுக்குள்ள வந்துட்டியே, அது போதும். உனக்கும் ஆபீஸ்ல லீவு கிடைச்சிருக்காது."

"ஆமாப்பா" என்றேன். "கிடைக்கல."