நாற்காலி இல்லாத பாலம்

கிரேன்காரர் தனியாக விழவில்லை. கோட் மாட்டும் ஸ்டாண்டு, அதில் தொங்கிய பிசியோதெரபிஸ்டின் கைப்பை, பைக்குள் இருந்த சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் விழுந்தார். முகத்தில் மாட்டியிருந்த விஆர் கண்ணாடிக்குள் தொங்குபாலம் மட்டும் அசையாமல் நின்றது.

"அடி பட்டுச்சாண்ணே?" பிசியோ ஓடிவந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்க சாப்பாட்டுக்குத்தான் பலமான அடி, டாக்டரம்மா."

அவள் சிரிக்கவில்லை. அவர் கண்கள் எதையோ தேடுவதைப் பார்த்தாள். தரை துடைக்க வந்தவர் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போன நாற்காலியில் போய் அவை நின்றன.

இருபத்திரண்டு வருஷம் நாற்பது மாடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து இரும்பு தூக்கியவர். ஒரு காய்ச்சல் வந்து உள்காதைக் கெடுத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து தலையைத் திருப்பினால் தெருவே சாய்கிறது. சிகிச்சைக்கு வந்தால் விளையாட்டு! மெத்தென்ற பலகையில் நின்று, கண்ணாடிக்குள் தெரியும் பாலத்தில் பறந்து வரும் பந்துகளைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் பன்னிரண்டு பந்து. அவள் அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இரண்டாம் வாரம், பின்னாலிருந்த நாற்காலியில் அவளுக்குத் தெரியாமல் கெண்டைக்காலை லேசாக முட்டுக்கொடுத்துப் பார்த்தார். எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. அவளும் நம்பி, பட்டையை விட்டுவிட்டுக் கணினிப் பக்கம் போய்விட்டாள். ஆக, ஆறு வாரத்தில் தேறியது நாற்காலிதான்.

"வீட்லயும் இதே கதைதான்," என்றாள் கதவோரம் உட்கார்ந்திருந்த மனைவி. "குளியலறைக் கதவப் பிடிச்சுக்கிட்டுதான் பல்லு தேய்க்கிறாரு. கேட்டா, கதவு ஆடுது, நான்தான் பிடிச்சு வச்சிருக்கேங்கிறாரு."

"நாற்காலி இல்லாம ஒரு தடவ," என்றாள் பிசியோ. இந்த முறை பட்டையை விடவில்லை.

பதினாலு.

திரையில் அந்த எண்ணைப் பார்த்தார். பயமோ அழுகையோ வர வேண்டிய இடம். எதுவும் வரவில்லை. யாருடைய வீட்டு எண்ணையோ படிப்பதுபோல் படித்தார். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப பிசியோவின் கையெழுத்து வேண்டும். காது டாக்டரைக் கேட்டால் 'பாக்கலாம்'. மேஸ்திரியைக் கேட்டால் 'பாக்கலாம்'. மனைவியைக் கேட்டால், வீட்டில் துணி மடித்துக்கொண்டே 'பாக்கலாங்க'.

"நான் மேல ஏறலாமா, கூடாதா? பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க."

பிசியோ தரையில் சிதறிய சாப்பாட்டைப் பார்த்தாள். பிறகு அவரை.

"கூடாதுண்ணே. தெருவுல நடக்க வச்சிடுவேன். கிரேன் வேண்டாம்."

"இந்த ஆறு வாரம் நான் ஏமாத்தாம இருந்திருந்தா?"

"அப்பவும் கூடாதுதான். ரெண்டு காதுலயும் நிதானம் காக்குற நரம்பு போயிருச்சுண்ணே. மொத ரிப்போர்ட்லயே இருந்துச்சு. உங்க மார்க்கப் பாத்து நானும் ஆசப்பட்டுட்டேன்."