ஆளுக்கொரு சதுரம்

கணக்கு டீச்சருக்கு உலகத்தில் ஆகாதவர்கள் இரண்டு வகை. கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு மணி அடித்ததும் ஓடும் பிள்ளைகள் ஒரு வகை. பின்னல் ஊசியைக் கையில் பிடித்து நாலு வரிசை போட்டுவிட்டு, எனக்கும் பின்னத் தெரியும் என்று சொல்லித் திரியும் பெரியவர்கள் இன்னொரு வகை. முதல் வகையாவது வளர்ந்தால் திருந்தும் என்று ஒரு நப்பாசை இருந்தது. இரண்டாம் வகை ஆசிரியர் அறையில் அவளைச் சுற்றி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தது.

எல்லாம் ஹெச்.எம். ஆரம்பித்து வைத்த கூத்து. சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் சின்ன டீச்சர் பிரசவ விடுப்பில் போகப்போகிறாள். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து உண்டான பிள்ளை. எல்லாரும் சேர்ந்து ஏதாவது கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, மூலையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் மேல் அவர் கண் விழுந்தது.

"ஆளுக்கொரு சதுரம் பின்னுவோம் மேடம். நீங்க கத்துக் கொடுங்க. கடைசியில எல்லாத்தையும் சேர்த்துப் போர்வையா முடிச்சிடுங்க. முடிக்கிறது என்ன, சும்மா தைக்கிறதுதானே?"

சும்மா தைக்கிறதுதானே! ஊசி பிடிக்காத வாய்க்குத்தான் இவ்வளவு சுலபமாக வார்த்தை வரும். தொங்குகிற நூல்முனை ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து, பின்பக்கத்துக் கண்ணிகளுக்குள் தெரியாமல் ஒளித்து வைக்க வேண்டும். துண்டுகளை நனைத்து, அளவு பார்த்து இழுத்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைக்க வேண்டும். அப்புறம் ஓரத்தோடு ஓரம் கண்ணி பிசகாமல் தைக்க வேண்டும். பின்னுகிற வரைக்கும் எல்லாருக்கும் உற்சாகம்தான். முடிக்கிற இடம் வந்ததும் ஆரம்ப சூரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். வீட்டுப் பரண்களில் ஒற்றைக் கை வைத்த ஸ்வெட்டர்கள் எத்தனை கிடக்கின்றன என்று அவளுக்குத் தெரியாதா?

இவ்வளவையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் "சரி சார்" என்றாள்.

சரி என்றது ஹெச்.எம்.முக்காக இல்லை, சின்ன டீச்சருக்காக. அந்த அறையில் எல்லாருக்கும் கணக்கு டீச்சர் 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் வைத்த பேர் 'சிவப்பு மை'. சின்ன டீச்சர் ஒருத்திதான், வேலைக்கு வந்த முதல் நாளே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, இங்க உட்காரலாமா?" என்று கேட்டவள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்தும்விட்டாள். அன்றிலிருந்து தன் டப்பாவில் இருப்பதில் பாதியைக் கணக்கு டீச்சரின் மூடியில் வைப்பாள். "எண்ணெய் ஜாஸ்தி" என்றால் சிரிப்பாள். "உப்பு கம்மி" என்றால் இன்னும் கொஞ்சம் வைப்பாள். திட்டினால் சிரிக்கிற இந்த மாதிரி ஒரு மனுஷியைக் கணக்கு டீச்சர் வேறெங்கும் பார்த்ததில்லை. விடுப்பில் போகிறவள் திரும்பி வருவாளோ மாட்டாளோ, அது வேறு பயம். போர்வையைக் கையில் வாங்கியதும், இது அக்கா கை என்று அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும். கணக்கு டீச்சரின் ஆசை அவ்வளவுதான்.

சதுரங்கள் வரத் தொடங்கின. சதுரம் என்று சொல்வது மரியாதைக்கு. ஹெச்.எம். கொண்டுவந்த பச்சைத் துண்டு அடியில் ஒரு சாண், உச்சியில் ஒன்றரைச் சாண். வரிசைக்கு வரிசை ஓரத்தில் ஒரு கண்ணியைத் தெரியாமல் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார் மனிதர். சதுரம் கேட்டால் சரிவகம் கொடுக்கிறவர் கையில் ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அறிவியல் டீச்சருடையதில் டீ வடிகட்டலாம், அவ்வளவு தொளதொளப்பு. ஓவிய மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னியிருக்க வேண்டும், துண்டு அட்டை மாதிரி விறைத்து நின்றது. வரலாறு டீச்சர் பாதிச் சதுரத்தை ஊசியோடு சேர்த்தே நீட்டினாள்.

"மீதியை நீங்களே பார்த்துக்குங்க மேடம். எனக்குக் கழுத்து வலி."

"கழுத்தால பின்னினா வலிக்கத்தான் செய்யும்."

கடைசியாக வந்தவர் பி.டி. மாஸ்டர். நீல நிறச் சதுரத்தைப் பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு கண்ணி நழுவி, நன்றாக ஒரு விரல் போகிற ஓட்டை.

"நழுவிடுச்சு மேடம். அப்புறம் பார்த்தா நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். பாப்பா விரலை விட்டு விளையாடும்ல?"

"விரலை மாட்டிக்கிட்டு அழும். ஓட்டைக்கு விளையாட்டுன்னு பேரா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். முதலில் அவள் உள்ளதை உள்ளபடியே தைக்கத்தான் பார்த்தாள். சரிவகத்தை வடிகட்டியோடு சேர்த்தால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் உப்பிக்கொண்டது. நனைத்து இழுத்தும் வழிக்கு வரவில்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்று சொல்லி, பச்சைத் துண்டின் நூல்முனையைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று பிரிந்து வந்தது. விடைத்தாளில் ஒரு பக்கம் முழுவதையும் குறுக்கே அடிக்கும்போது வருமே ஒரு திருப்தி, அதே திருப்தி. அதே நூலில் கண்ணி எண்ணிப் புதிதாகப் பின்னினாள். அது நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை. அதன் பக்கத்தில் வைத்தால் மற்றதெல்லாம் இன்னும் கேவலமாகத் தெரிந்தது. அறிவியலைப் பிரித்தாள். ஓவியத்தைப் பிரித்தாள், அது பிரிவதற்கும் அடம்பிடித்தது. வரலாற்றில் பிரிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நீலத்தைக் கையில் எடுத்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தாள். ஒரு ஓட்டையை விட்டுவைத்தால் அது தன் ஓட்டை என்றல்லவா ஊர் சொல்லும்? அதையும் பிரித்தாள்.

விடுமுறை முழுக்க அவர்கள் வீட்டு மெத்தையில் ஈரச் சதுரங்கள் படுத்திருந்தன. வீட்டுக்காரர் சோபாவில் படுத்தார்.

"எவளோ பெத்துக்கப்போற பிள்ளைக்கு நீ ஏன் இடுப்பொடிய உட்கார்ந்திருக்க?"

"உங்களுக்குப் புரியாது."

"புரியலதான். ஆளுக்கொண்ணு பின்னுறாங்கன்னு சொன்ன. நீ ஒருத்திதானே பின்னிக்கிட்டிருக்க?"

அவள் அடுத்த வரிசையை எண்ணத் தொடங்கினாள். கண்ணி எண்ணும்போது பேசக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவளும் அவள்தான்.

கடைசி நூல்முனையை உள்ளே தள்ளி வெட்டிவிட்டுப் போர்வையை விரித்துப் பார்த்தபோது, இடுப்பு வலி, கண் எரிச்சல் எல்லாம் போன இடம் தெரியவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. யாரும் பார்க்காதபோது கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தாள். ஆரம்பித்துவிட்டு ஓடுகிற ஜென்மங்களுக்கு இந்தச் சுகம் எங்கே தெரியப்போகிறது?

சின்ன டீச்சரின் கடைசி வேலைநாளில் ஆசிரியர் அறை மேஜையைத் துடைத்துப் போர்வையை விரித்தார்கள். எல்லார் வாயும் பிளந்தது. உடனே அவரவர் நிறத்தைத் தேடிக் கைகள் பாய்ந்தன.

"இந்தப் பச்சை என்னுது. முதல் தடவை பின்னினதுன்னு யாராவது சொல்ல முடியுமா?" என்றார் ஹெச்.எம்.

"என்னுது கொஞ்சம் லூசா வந்திடுச்சோன்னு பயந்துட்டே இருந்தேன். துவைச்சதும் தானா சரியாயிடுச்சு பாருங்க," என்றாள் அறிவியல் டீச்சர்.

"கழுத்து வலியோட போட்டதாக்கும்," என்றாள் வரலாறு டீச்சர், போடாத பாதியையும் சேர்த்துத் தடவிக்கொண்டே.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இதுகளுக்குத் தன் குஞ்சு எது என்றே தெரியவில்லை. கணக்கு டீச்சர் ஏளனத்தை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். இதுகள் கிடக்கட்டும். சின்ன டீச்சரின் விரல்கள் போர்வை மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. அவளுக்குத் தெரியும். இதோ, இப்போது நிமிர்ந்து பார்ப்பாள்.

விரல்கள் நீலத்தில் போய் நின்றன. எதையோ தேடின.

"மாஸ்டர், ஓட்டை எங்க?"

"என்ன ஓட்டை?" என்றார் ஹெச்.எம்.

"மாஸ்டர் பாப்பாவுக்குன்னு ஒரு ஓட்டை வச்சிருக்கேன்னு சொன்னாரே சார். வீட்டுல அதைச் சொல்லித்தான் தினமும் சிரிப்போம். பாப்பாவோட அப்பா, அது விரலை விடுறதுக்கு முன்னாடி தன் விரலை விட்டுப் பார்க்கப்போறாராம்."

பி.டி. மாஸ்டர் வந்து நீலத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "நடுவுலதான் இருந்துச்சு. மேடம், நீங்க அடைச்சிட்டீங்களா?"

கணக்கு டீச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அடைக்கல. பிரிச்சுப் பின்னினேன்."

"என்னுதை மட்டுமா?"

 ஹெச்.எம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சை மேல் குனிந்தார். குனிந்தவர் சீக்கிரத்தில் நிமிரவில்லை. அறிவியல் டீச்சர் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

சின்ன டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "இது முழுக்க உங்க கையாக்கா?"

கேட்க வேண்டும் என்று கணக்கு டீச்சர் தவம் கிடந்த கேள்வி. அதற்கு இப்படி ஒரு குரலும் உண்டு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"எல்லாமே கோணல். அப்படியே தைச்சிருந்தா போர்வையாவே இருந்திருக்காது."

"அவங்க பின்னினதெல்லாம் எங்க?"

"அதே நூல்தான் இது."

யாராவது சண்டை போட்டிருந்தால் தேவலை. பதிலுக்கு நாலு வார்த்தை அவளிடம் தயாராக இருந்தது. யாரும் போடவில்லை. "விடுங்க, இதுதான் அழகா இருக்கு," என்றார் பி.டி. மாஸ்டர். ஓவிய மாஸ்டர் கேக் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். சின்ன டீச்சர் போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள். மடிப்பு பிசகாமல் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு. கடையில வாங்கின மாதிரியே இருக்கு," என்றாள்.

ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நல்ல மனசோடுதான் சொன்னாள். கணக்கு டீச்சருக்கு அதுதான் தாங்க முடியவில்லை.  அழுகிற பழக்கமும் அவளுக்கு இல்லாததால், தெரிந்ததைச் சொன்னாள்.

"வெந்நீர்ல போட்டுடாதே. நிழல்ல விரிச்சுக் காயவை."

"சரிங்க மேடம்," என்றாள் சின்ன டீச்சர்.