போனில் மணி நிற்கவில்லை

ஜெயமேரியின் கணவன் வளன் குவைத்திலிருந்து அனுப்பிய போன், லீவில் ஊருக்கு வந்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. புதிது இல்லை. வளனே சில காலம் வைத்திருந்துவிட்டு, அப்புறம் பெட்டிக்குள் மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தது. ஆனாலும் ஜெயமேரிக்கு அது பெரிய உதவிதான். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியில் அப்போதுதான் அவளைக் காலை ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள். இருட்டோடு எழுந்து சமைத்து, மாமியார் இஞ்ஞாசியம்மாளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டில் இருந்த சுவர்க் கடிகாரம் மணி காட்டும், எழுப்பாது.

போன் வந்த அன்றே வளன் கூப்பிட்டு அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று விவரமாகச் சொன்னான். ராத்திரி சார்ஜ் போடுமுன் ஆஃப் பண்ண வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் சூடு ஆறவிட வேண்டும். துணியால் துடைத்து மாட்டி, அதற்குப் பிறகுதான் சார்ஜில் போட வேண்டும். அப்படிச் செய்தால் பேட்டரி வருஷக்கணக்கில் உழைக்கும் என்றான். ஆஃப் ஆகி இருந்தாலும் அலாரம் அடிக்கும், கவலைப்படாதே என்றும் சொன்னான். ஜெயமேரி ஒன்று விடாமல் அப்படியே செய்தாள்.

அலாரம் அடிக்கவில்லை. பால்காரன் மணியோசை கேட்டு எழுந்து போனை ஆன் பண்ணிப் பார்த்தால், அது ஏதோ ஒரு தேதியில், முன்னிரவு நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அரக்கப்பரக்க ஓடியும் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது ஷிப்டு ஆரம்பித்துவிட்டது. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறை ஈரப் பஞ்சால் தேய்த்து எடுப்பது அவள் வேலை. அவள் போகாவிட்டால் பலகை பலகையாகப் பொம்மைகள் காய்ந்து, பிசிறு இறுகிவிடும். சூப்பர்வைசர் மாணிக்கவேல் முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அதே வாரத்தில் மறுபடியும் அப்படி நடந்தபோது, இஷ்டம் இல்லையென்றால் பழைய ஷிப்டுக்கே போய்விடலாம், ஆனால் அங்கே இடம் இருக்கிறதா என்பது தனக்குத் தெரியாது என்றார்.

கடைவீதியில் ஒரு மொபைல் கடைக்குப் போனாள். அங்கிருந்தவர் பொத்தான்களைத் தட்டினார், மணியைச் சரியாக வைத்தார், கையில் கொடுத்தார். சாயங்காலம் வரைக்கும் சரியாகத்தான் ஓடியது. காலையில் பார்த்தால் பழைய கூத்து. இன்னொரு கடையில் சாஃப்ட்வேர் போய்விட்டது என்றார்கள், போட்டும் கொடுத்தார்கள். அதில் அவள் சேமித்து வைத்திருந்த நம்பர்கள் எல்லாம் அழிந்ததுதான் மிச்சம். மணி நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை வளனுக்கு வேலை இல்லாத நாள். கூப்பிட்டான். அவள் விஷயத்தைச் சொன்னதும், அது நல்ல போன், தன் கையில் இருந்தபோது ஒரு தொந்தரவும் தந்ததில்லை என்றான்.

"நீ சரியா வெச்சிருக்க மாட்ட மேரி. மணிய மாத்திட்டு ஓகே அமுக்கணும். அமுக்குனியா?"

"அமுக்குனங்க."

"அப்பறம் எப்படிப் போவும்?"

எந்தெந்தப் பொத்தானை எந்த வரிசையில் அமுக்க வேண்டும் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அதையெல்லாம் தட்டிப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. காதிலிருந்து எடுத்து ஒன்றை அமுக்கினாள், லைன் அறுந்தது. அவன் திரும்பக் கூப்பிட்டு, ஒரு போனைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லையே என்றான். அவள் போனை மாமியாரிடம் நீட்டிவிட்டாள். பேசினால் அழுகைதான் வரும் என்று தெரிந்தது.

இதற்கு நடுவில் இஞ்ஞாசியம்மாளுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. பங்குக் கோயிலில் கண் முகாம் நடத்திப் பெயர் எழுதிக்கொண்டார்கள். ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போகும் வேன் விடியுமுன் கோயில் வாசலிலிருந்து புறப்படும். முந்தின நாள் சாயங்காலம் ஜெயமேரி மணியை வைத்தாள், அலாரத்தை வைத்தாள், இரண்டையும் திறந்து திறந்து பார்த்தாள். படுக்கப்போகுமுன் வழக்கம்போல ஆஃப் பண்ணி, பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டி, சார்ஜில் போட்டாள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த உடம்பு. படுத்ததுதான் தெரியும்.

அவர்கள் கோயில் வாசலுக்குப் போனபோது அங்கே வாசல் பெருக்குகிற பெண் மட்டும்தான் இருந்தாள். வேன் போய்விட்டது. புதுச்சேலையும் பையுமாக நின்ற மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. பூசைக்கு வந்தவர்களிடம் மட்டும், "போனு தூங்கிடுச்சாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஜெயமேரிக்கு.

அன்று சாயங்காலம், மறுநாள் ஷிப்டுக்காக அவள் மணியையும் அலாரத்தையும் மறுபடி வைத்து முடித்தபோது வளன் கூப்பிட்டான். அதற்குள் யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"எங்க அம்மான்னுதான ஒனக்கு இந்த அலட்சியம்? ஒங்க அம்மாவா இருந்தா தூங்கியிருப்பியா?"

அவள் போனை வைத்துவிட்டாள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வைத்தது அதுதான் முதல் தடவை. போனைத் தூக்கிப் பாய்மேல் எறிந்தாள். அது தலையணைக்கு அடியில் போய் விழுந்தது. ஆஃப் பண்ணவில்லை, கழற்றவில்லை, சார்ஜ் போடவில்லை. அது எக்கேடும் கெடட்டும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடியுமுன் தலைக்கடியில் அது அடித்தது.

முதலில் என்னவென்று புரியவில்லை. எடுத்துப் பார்த்தாள். தேதி சரி, மணியும் சரி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. நேற்று மட்டும் செய்யாமல் விட்டது என்ன என்று யோசித்தபோதே அவளுக்குச் சுருக்கென்றது. போனை ஆஃப் பண்ணி, பேட்டரியைக் கழற்றித் திரும்ப மாட்டி ஆன் பண்ணினாள். பகல் பன்னிரண்டு மணி. ஜனவரி ஒன்றாம் தேதி. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொரு தரம் செய்தாள். அதே பன்னிரண்டு மணி.

வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தங்கதுரை என்பவர் வைத்திருந்த சர்வீஸ் கடைக்குப் போய்க் கேட்டாள். போனுக்குள் பொட்டு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும், பெரிய பேட்டரியைக் கழற்றினாலும் மணியைப் பிடித்து வைப்பது அதுதான், ரொம்ப நாள் சும்மா கிடந்ததில் இந்தப் போனில் அது செத்துவிட்டது என்றார் அவர். மாற்றலாம், ஆனால் போர்டில் சூடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், போன் பிழைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ஜெயமேரி போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. கெட்ட வார்த்தை சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வளன் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னாள். தன் ரூமில் எல்லோரும் அப்படித்தான் கழற்றுகிறார்கள், யாருக்கும் மணி போகவில்லை என்றான்.

"அவங்க போனுல உள்ள இருக்கறது நல்லா இருக்குது. நம்புளுதுல செத்துப்போச்சு. நீங்க சொன்னதத்தான் நான் தெனமும் செஞ்சேன். அதனாலதான் அத்த வேன உட்டாங்க."

"அப்ப எம்மேலதான் தப்புங்கற?"

"எம்மேல இல்லன்னு சொல்றேன். இனிமே நான் கழட்டப்போறதில்ல. சூடானா ஆவட்டும்."

அவன் தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவிடம் கொடு என்றான். கொடுத்தாள். மாமியார் வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள். என்ன பேசினார்கள் என்று ஜெயமேரி கேட்கவில்லை.

அடுத்த முகாமில் இஞ்ஞாசியம்மாளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போய், போன் சுத்தமாக அணைந்துவிட்டது. கரண்ட் வந்து ஆன் பண்ணினால் மறுபடியும் பன்னிரண்டு மணி, ஜனவரி ஒன்று. ஜெயமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானை அமுக்கிக்கொண்டே, புருஷனை வாய்விட்டு நன்றாகத் திட்டினாள். மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

"தேதியும் வெச்சுடு, மறந்துடப்போற" என்று மட்டும் சொன்னாள்.